எங்கேயும் பார்த்திராத குடில்

மத்தியாசின் ஓராண்டைக் கெடுத்தது ஒரு பாராட்டு.

இரண்டு டிசம்பர்களுக்கு முன், எங்கள் ஜங்லிகாட் அன்பியத்தின் கிறிஸ்துமஸ் குடிலைப் பார்க்க நடுவராக வந்த ஃபாதர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் முன் ஒரு நிமிடம் நின்றார். "அழகா இருக்கு" என்றார். இரண்டடி நடந்தவர் திரும்பிப் பார்த்து, "எங்கயோ பார்த்த மாதிரியும் இருக்கு" என்று சேர்த்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போனார்.

அன்பியம் என்பது ஒரு பங்கில், அதாவது ஒரே தேவாலயத்தைச் சேர்ந்த வட்டாரத்தில், பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் குழு. எங்களுடையது முப்பத்திரண்டு குடும்பம். பங்கில் ஐந்து அன்பியங்கள், ஆளுக்கொரு குடில், அதற்கு ஒரு போட்டி. அந்த ஆண்டு எங்களுக்கு இரண்டாம் இடம். எல்லோருக்கும் கேக் கொடுத்தோம். குடிலைக் கட்டிய மத்தியாஸ் மட்டும் கேக்கைக் கையில் வைத்தபடியே நின்றிருந்தார். எறும்பு ஏறிய பிறகுதான் கீழே போட்டார்.

ஃபாதர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அது ஒரு குகை, நடுவில் சின்ன நீர்வீழ்ச்சி. கேரளத்தில் யாரோ செய்ததைப் போனில் பார்த்து மத்தியாஸ் அப்படியே செய்திருந்தார். அதற்கு முந்திய ஆண்டின் ஓலைக் குடிசையும், அதற்கும் முந்திய ஆண்டின் கலங்கரை விளக்கமும் அதே வழியில் வந்தவைதான். பதினோரு ஆண்டுகளாக அவர்தான் எங்களுக்குக் குடில் கட்டினார். பார்த்த படத்தைவிடச் சுத்தமாகவே செய்வார். அது போதும் என்று அன்பியத்தின் செயலாளர் என்ற முறையில் நானும் நினைத்திருந்தேன். அவர் போதாது என்று நினைக்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

மத்தியாசுக்கு ஐம்பத்தொரு வயது. குளச்சல் பக்கத்து ஆள். இருபத்தி நாலு வயதில் மீன் பிடிக்க இந்தத் தீவுக்கு வந்தவர். வந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது: இந்தக் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வள்ளத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வாந்தி. மாத்திரை, எலுமிச்சம்பழம், வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை, எதுவும் கேட்கவில்லை. கடலில் நிற்க முடியாத கடற்கரைக்காரனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கூட வந்தவர்கள் கரையில் விட்டுப் போனார்கள். கரையில் வள்ளங்கள் உடைந்து கிடந்தன. அவற்றை ஒட்டக் கற்றுக்கொண்டார். இருபத்திரண்டு ஆண்டுகளாக, படகுத்துறை ஜெட்டிக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையிலும் அதன் முற்றத்திலும் ஃபைபர் வள்ளங்களுக்கு வைத்தியம் பார்க்கிறார். ஃபைபர் தூள் உடம்பில் பட்டால் அரிக்கும் என்பதால் எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. நகக்கண்ணில் எப்போதும் ரெசின் பசை. மனைவி ரோசலின் ஜங்லிகாட் சந்தையில் மீன் விற்கிறார். கணவன் எந்த நேரத்தில் என்ன பேசுவார் என்பது மீனின் விலையைவிட நிச்சயமில்லாதது என்பது அவர் கட்சி.

ஜனவரி மாதமே மத்தியாஸ் என் வீட்டுக்கு வந்தார்.

"சாரே, இந்த வருசம் ஏக்தம் நயா, புத்தம் புதுசு. எவனும் எங்கயும் பாத்திருக்கக் கூடாது."

"நல்லது. என்ன செய்யப் போறீங்க?"

"அதத்தான் தேடிக்கிட்டிருக்கேன்" என்று போனை நீட்டினார்.

எங்கும் பார்த்திராத ஒன்றை அவர் தேடிய இடம் அது. அதில் உலகத்தின் கலை முழுவதும் இருந்தது. மணலில் அடுக்கிய நாற்காலிகள். காகிதத்தில் மடித்த யானைகள். ஒரு சுவர் நிறைய உடைந்த தட்டுகள். பழைய துணி பொதிந்த மரம். தண்ணீருக்குள் நின்ற ஒரு கதவு. பாதி முகம் இருட்டில் இருக்கும் மனிதர்களின் புகைப்படங்கள் நூறாவது இருக்கும். எல்லாவற்றையும் பல லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். எத்தனை பேர் என்று கீழேயே எழுதியிருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன்.

"அது அவங்க பாத்தது. நம்ம பங்கு ஆளுவ பாக்கல்லியே" என்றார்.

"அப்போ ஃபாதர் பார்க்காததுதான் வேணுமா, யாருமே பார்க்காததா?"

அவர் யோசித்தார். "நீங்க படிச்சவங்க. இப்பிடித்தான் கேப்பிய" என்று எழுந்து போனார்.

மே மாதத்திற்குள் சேமித்த படங்கள் இரண்டாயிரத்தைத் தாண்டின. இங்கே நெட் வரும்போது வரும். வராதபோது மத்தியாஸ் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டாலிகஞ்ச் மேட்டில் போய் நிற்பார். அங்கே சிக்னல் ஒரு கம்பி கூடுதலாகக் கிடைக்கும். ஃபைபரைத் தேய்க்கும் கிரைண்டரைப் பாதி வள்ளத்தில் நிறுத்திவிட்டு அவர் மேட்டுக்குப் போய்விட, வள்ளக்காரர்கள் கொட்டகையில் உட்கார்ந்து பீடி பிடித்தார்கள். ஜூலையில் மெயின்லேண்டிலிருந்து சில ஓவியர்கள் வந்து ஊரில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஒரு அறையில் நாற்காலி ஒன்றைக் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். வேறு ஒன்றும் இல்லை. மத்தியாஸ் அதன் கீழ் முக்கால் மணி நேரம் நின்றார்.

"புரியுதா?" என்றேன்.

"புரியல்ல. ஆனா சாரே, கட்டுன கயித்தப் பாத்தியளா? முடிச்சே தெரியல்ல."

அவர் சொன்ன பிறகுதான் நானும் கயிற்றைப் பார்த்தேன். உண்மைதான், முடிச்சு தெரியவில்லை. அந்த அறையில் அவர் தன் சொந்தக் கண்ணால் பார்த்தது அந்தக் கயிறு ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆனால் வெளியே வந்ததும் கயிற்றை மறந்துவிட்டார். குடிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டார். வீட்டில் ரோசலின், எங்கள் அன்பியத் தலைவியை நடுவில் இழுத்து, அதற்குப் பதில் சொன்னார்: "சூசையப்பரத் தலகீழா தொங்கவிட்டா கேத்தரின் அக்கா ஒம்மத் தொங்கவிடுவாவ."

அதன் பிறகு வாரம் ஒரு யோசனை. கண்ணாடித் துண்டுகளால் குடில். வெறும் நிழலால் குடில். சிடியா டாப்பு கடற்கரையில் ஒதுங்கும் ஒற்றைச் செருப்புகளால் குடில். இதற்காக மூன்று சாக்குச் செருப்பு கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. தாய்லாந்துச் செருப்பு, பர்மாச் செருப்பு, எங்கிருந்தோ ஒரு குழந்தையின் சிவப்புச் செருப்பு. இரண்டு நாள் அடுக்கிப் பார்த்தார். மூன்றாம் நாள் போனில் யாரோ ஒருவர் செருப்பால் திமிங்கலம் செய்திருப்பதைக் கண்டார். சாக்குகளைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டார்.

"திமிங்கலம்தானே செஞ்சிருக்கான்? நீங்க குடில்தானே செய்யறீங்க?" என்று கேட்டேன்.

"செருப்பு செருப்புதானே சாரே. எங்கயோ பாத்த மாதிரின்னு சொல்லிருவாரு."

நல்லதாக இருக்கும் என்று தோன்றிய ஒரே யோசனையையும் இப்படித் தானே கொன்றார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைக் காட்ட நான் தகுதியானவனும் அல்ல. வாழ்க்கையில் ஒரு காகிதக் கப்பல்கூடச் செய்யாதவன். ஆனாலும் வந்தது.

நவம்பர் கடைசி ஞாயிறு அன்பியக் கூட்டம் கேத்தரின் அக்கா வீட்டில் நடந்தது. அவர்தான் எங்கள் தலைவி. ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு ஆண்டு ஸ்டாஃப் நர்ஸ். ஓய்வு பெற்ற பிறகும் எல்லோரையும் நோயாளியாகவே நடத்துவார். ஜெபம் முடிந்ததும் மத்தியாசைப் பார்த்தார்.

"லே மத்தியாசே, குடில் என்ன ஆச்சு?"

"கான்செப்ட்ல இருக்குக்கா."

"அது எங்க இருக்குதுலே? தீவுக் கடைசில, கேம்ப்பெல் பே பக்கமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மெயின்லேண்டில் ரெடிமேட் குடில் செட் கிடைக்கிறதாம். அலுமினியக் கம்பி, அச்சடித்த துணி, பாட்டுப் பாடும் விளக்கு. மடித்து அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். கப்பலில் ஏற்றினால் டிசம்பர் பத்தொன்பதுக்குள் வந்துவிடும்.

"அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சி நாங்க எல்லாரும் ஒனக்க கொட்டகைக்கு வருவோம். கண்ணால பாக்கத்தக்கதா வல்லதும் இருந்தா குடில் ஒனக்கு. இல்லன்னா செட்டு. இந்த வருசம் மட்டுமில்ல, இனி வருசாவருசம் செட்டுதான். ஒனக்கும் வயசாகுது, ரெஸ்ட் எடு."

மத்தியாசின் முகம் மாறியதைப் பார்த்தேன். ஊதியமில்லாத வேலை அது. ஒவ்வொரு டிசம்பரிலும் இரண்டு வாரக் கூலியை இழந்துதான் அதைச் செய்தார். ஆனால் கடலுக்குப் போகாதவன் என்று சொந்தக்காரர்களிடமே பெயர் வாங்கியவருக்கு, ஊரில் தன்னுடையது என்று இருந்தது அந்தக் குடில்தான். அதை மடித்து வைக்கும் செட்டுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்திருக்கவே இல்லை.

ஆறு நாள். அந்த ஆறு நாளில் அவர் செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

போனில் ஒரு வீடியோ. எங்கோ பனி நாட்டில் ஒரு கலைஞர் தெர்மாகோலில் குகை செதுக்கி, அதன் மேல் கண்ணாடி போன்ற ரெசினை ஊற்றுகிறார். உள்ளே விளக்குப் போட்டதும் பனிக்கட்டி போல மின்னுகிறது. மத்தியாஸ் மீன் கம்பெனிகளில் உடைந்த தெர்மாகோல் பெட்டிகளைச் சேகரித்தார். நாலு நாள் செதுக்கினார். செதுக்கியது அழகு என்று ரோசலினே ஒப்புக்கொண்டார். ரெசினை மட்டும் எல்லோர் கண் முன்னாலும் ஊற்றுவது என்று வைத்திருந்தார்.

ஞாயிறு பத்து மணிக்கு முப்பது பேர் முற்றத்தில் கூடினோம். மத்தியாஸ் வாளியில் ரெசினைக் கலக்கினார். வள்ளங்களுக்குப் போடும் அதே ரெசின். குகையின் உச்சியில் ஊற்றினார். தேன் போல இறங்கியது. சின்னவர்கள் கை தட்டினார்கள். பிறகு ஒரு மெல்லிய சத்தம் கேட்டது, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. உச்சி குழிந்தது. குழி பெரிதாயிற்று. நாலு நாள் செதுக்கிய குகை, மூன்று நிமிடத்தில் தனக்குள்ளேயே உட்கார்ந்து, வெள்ளைக் கூழாகி, அப்படியே இறுகத் தொடங்கியது.

அந்த ரெசின் தெர்மாகோலைத் தின்னும். ஃபைபர் கொட்டகையில் டீ வாங்கப் போகிறவருக்குக்கூட அது தெரியும். வீடியோவில் இருந்தது வேறு வகை, விலையும் வேறு.

ரோசலின்தான் முதலில் பேசினார். "இது திங்கும்னு ஒமக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன?"

"அந்த வீடியோல திங்கல்ல."

இருபத்திரண்டு ஆண்டு கையால் தெரிந்துகொண்டதை ஒரு மனிதர் நாலு நிமிட வீடியோவுக்காக மறக்க முடியும் என்பதை நான் நேரில் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். கேத்தரின் அக்கா கூழைக் குனிந்து பார்த்தார். "பஸ், போதும்" என்றார். "சாரே, செட்டுக்கு இன்னைக்கே சொல்லிருங்க." சொன்னேன். மத்தியாஸ் அன்று மாலை வரை அந்தக் கூழைச் சுரண்டிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

அடுத்த இரண்டு வாரம் அவர் என் கண்ணில் படவில்லை. ஷாதிபூர் ஜெயமணியின் வள்ளம் ஒன்று கொட்டகையில் கிடந்தது. பாறையில் பலமுறை அடிபட்டுப் பலமுறை ஒட்டிய பழைய வள்ளம். இருபத்தேழாம் தேதி கடலில் இறக்கியாக வேண்டும் என்று ஜெயமணி தினமும் வந்து கத்திக்கொண்டிருந்தார். மத்தியாஸ் அந்த வேலையிலேயே இருந்தார்.

பதினேழாம் தேதி வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. கப்பல் கிளம்பவில்லை. பத்தொன்பது போய் இருபத்தொன்று ஆயிற்று. பிறகு, கிறிஸ்துமசுக்கு மறுநாள்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். தீவில் இருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. அரிசிக்கும் மருந்துக்கும் பழகியதுதான். ஆனால் நடுவர்கள் வருவது இருபத்துமூன்றாம் தேதி. எங்களிடம் குடில் இல்லை.

இருபத்தொன்றாம் தேதி பிற்பகல், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருக்க, அக்காவும் நானும் ஒரே குடையில் மத்தியாசிடம் போனோம். பழைய குகையையே திரும்பக் கட்டு, எங்கயோ பார்த்த மாதிரி இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்வதற்காக. அக்காவுக்கு இறங்கிப் பேசுவது பிடிக்காது. வழியெல்லாம் சேற்றைத் திட்டிக்கொண்டு வந்தார்.

முற்றத்தில் ஜெயமணியின் வள்ளம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வெளிப் பெயின்டையும் அதன் கீழிருந்த பூச்சையும் முழுக்கச் சுரண்டியிருந்தார். நாலு டிரம் மேல் அது ஆமை ஓடு போல நின்றது. மத்தியாஸ் எங்கும் இல்லை.

"மத்தியாசே!"

வள்ளத்தின் அடியிலிருந்து பதில் வந்தது. "வேலையா இருக்கேங்க்கா."

"வெளிய வாலே."

"வெயில் அடிச்சிருக்கு. போறதுக்குள்ள பாத்து முடிக்கணும்."

அக்காவுக்குப் பொறுமை போயிற்று. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து வள்ளத்தின் அடியில் நுழைந்தார். திட்டுவதற்குத்தான் நுழைந்தார். உள்ளே போனவர் திட்டவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு நானும் குனிந்து போனேன்.

உள்ளே மண்ணில் உட்காரத்தான் இடம். தலைக்கு மேல் கவிழ்ந்த வள்ளத்தின் உட்புறம். வெளியே மழைக்குப் பிந்திய வெயில் ஏறியிருந்தது. அந்த வெயில் சுரண்டிய ஃபைபர் வழியாக உள்ளே வந்தது. சில இடத்தில் தேன் நிறம், சில இடத்தில் பச்சை கலந்த மஞ்சள். இடையிடையே கறுப்பாகத் திட்டுகள், சதுரமாக, நீளமாக, ஒன்றின் மேல் ஒன்றாக. ஃபைபரின் இழைகள் எல்லாம் தெரிந்தன. மத்தியாஸ் மல்லாந்து படுத்து, சாக்பீசால் சில இடங்களில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்னலே?" என்றார் அக்கா. குரல் தணிந்திருந்தது.

"இப்பிடித்தான்க்கா பாக்கது. எங்க மெலிஞ்சிருக்குன்னு வெளிய நின்னா தெரியாது. உள்ள வந்து வெயில்ல பாத்தா, வெளிச்சம் நல்லா வருற எடம் மெலிவு. அங்க வட்டம் போடணும். ஜெயமணிகிட்டச் சொல்லிராதிய, எட்டு எடம் இருக்கு."

"கறுப்பா இருக்குறது?"

"அது பழைய ஒட்டு. தடி. அதுல வெளிச்சம் வராது."

அக்கா ஒவ்வொரு திட்டாகக் கை நீட்டிக் கேட்டார். இது ருட்லண்டுப் பாறையில் அடிபட்டது. இது ஜெட்டியில் இன்னொரு வள்ளம் மோதியது. இது அவரே முதன்முதலாக ஒட்டியது. கோணலாக இருக்கிறது, கை பழகாத காலம். மத்தியாஸ் அலுப்போடுதான் பதில் சொன்னார். வேலை கெடுகிறது என்ற அலுப்பு. சொல்லிக்கொண்டே வந்தவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அக்கா பார்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தார். சாக்பீஸ் கையில் நின்றுவிட்டது.

மேகம் வந்து எல்லாம் அணைந்தது. மீண்டும் வெயில் வந்தது.

"சாரே" என்றார் மத்தியாஸ், "அந்த செட்டு வரல்லியா?"

"வரல்ல."

"அப்பம் குடில் இதுக்குள்ளதான்."

இதைத் தெய்வீக நேரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அடுத்த ஒன்றரை நாள் சண்டைதான். குடில் என்றால் தெருவிலிருந்து தெரிய வேண்டும், யார் குனிந்து நுழைவார்கள் என்றார் அக்கா, தானே நுழைந்ததை மறந்து. நட்சத்திரம் எங்கே, வைக்கோல் எங்கே, மதிப்பெண் தாளில் அதற்குத் தனியாகப் பத்துப் பத்து மார்க் என்று நான் கேட்டேன். "வெயில மறைக்கும்" என்று மத்தியாஸ் நட்சத்திரத்தை மறுத்தார். உள்ளே ஒரு பல்பு போடலாமே என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் அதோடு விட்டுவிட்டேன். ஜெயமணி வேறு வந்து நின்றார்.

"எம் போட்ல உங்க சாமி பொறக்கட்டும், எனக்குச் சந்தோசம்தான். ஆனா எட்டு எடம் வீக்குன்னு ஊருக்கே காட்டுவியா? நாளைக்கு விக்கணும்னா எவன் வாங்குவான்?"

"விக்கப் போறியா?" என்றார் அக்கா.

"இல்ல."

"அப்பம் என்ன?"

ஜெயமணி தானும் ஒருமுறை உள்ளே போய் வந்தார். வெளியே வந்து, "இருவத்தேழு. ஒரு நாள் தள்ளுனாலும் கேஸ் போடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே மாதாவும் சூசையப்பரும் மட்டும். பழைய சுரூபச் சிலைகள். தீவனத் தொட்டிக்குப் பதில் மத்தியாஸ் ரெசின் வாளியைப் பாதியாக அறுத்து வைத்தார். அதில் வைக்கோலுக்குப் பதில் வெள்ளை ஃபைபர் இழைப் பாயைக் கிழித்துப் பரப்பினார். பார்த்த ரோசலினுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பிள்ளைக்குச் சொறியும்லா! ஒமக்க ஒடம்பு பழகிப்போச்சி, அதுக்குப் பழகணுமா?" தன் பருத்தித் துண்டு ஒன்றை மடித்து அதன் மேல் விரித்தார். பாலன் சுரூபத்தைக் கிறிஸ்துமஸ் பூசைக்குப் பிறகுதான் வைப்போம். அதுவரை தொட்டியில் அந்தத் துண்டு மட்டும் இருந்தது.

இருபத்துமூன்றாம் தேதி வானம் வெளுத்திருந்தது. நடுவர்கள் மூன்று மணிக்கு வருவதாக ஏற்பாடு. மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று. இந்த ஊரில் டிசம்பரில் ஐந்து மணிக்குச் சூரியன் போய்விடும். டாலிகஞ்ச் அன்பியத்துக்குக் குடில் கட்டும் டெர்வின் என்பவர் செயற்கை நீரூற்று வைத்திருப்பதாகவும், அங்கே எல்லோருக்கும் பிரியாணி என்றும் செய்தி வந்தது. மத்தியாஸ் நிமிடத்துக்கு ஒரு முறை வள்ளத்தைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். போனை ஒரு முறையும் எடுக்கவில்லை.

நாலு இருபதுக்கு வந்தார்கள். அதே ஃபாதர், கூட இரண்டு பேர். முற்றத்தைச் சுற்றிப் பார்த்து, "குடில் எங்கே?" என்றார்.

"உள்ள, ஃபாதர். குனியணும்."

ஃபாதர் கனத்த உடம்புக்காரர். மற்ற இருவரும் மதிப்பெண் தாளோடு வெளியே நின்றுகொண்டார்கள். அவர் அங்கியைச் சேர்த்துப் பிடித்து, முழங்காலில் விழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நுழைந்தார். மத்தியாசும் நானும் பின்னால். சூரியன் ஜெட்டிப் பக்கம் இறங்கியிருந்தது. வெளிச்சம் இப்போது மேலிருந்து வராமல் ஒரு பக்கமிருந்து வந்தது. ஒரு பக்கம் முழுக்கச் செம்பு நிறம், மறு பக்கம் இருட்டு. நேற்றுவரை பார்த்தது இது அல்ல. மத்தியாசுக்கே புதிது என்று அவர் மூச்சில் தெரிந்தது.

ஃபாதர் வெகு நேரம் தலையைத் தூக்கிப் பார்த்தார். கறுப்புத் திட்டுகளைப் பற்றிக் கேட்டார். மத்தியாஸ் சொன்னார். ஒட்டிய இடம் கறுப்பு, பலவீனமான இடத்தில்தான் வெளிச்சம். ஃபாதர் ஒரு மறையுரைக்கு வாயைத் திறந்தார். முழங்கால் வலி எங்களைக் காப்பாற்றியது. "அம்மாடி" என்று காலை மாற்றி உட்கார்ந்துகொண்டு, சாதாரணக் குரலில் கேட்டார்:

"இதை எங்க பார்த்தீங்க?"

மத்தியாசின் கை சட்டைப் பையில் இருந்த போனுக்குப் போயிற்று. ஆண்டாண்டாக அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். பாதி எடுத்துவிட்டு, எதற்கு எடுத்தோம் என்று தெரியாதவர் போல மீண்டும் உள்ளே வைத்தார்.

"எங்கயும் பாக்கல்ல, ஃபாதர். தினமும் இதுக்குள்ளதான் கெடக்கேன்."

ஃபாதர் தலையாட்டினார். துண்டை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு கிளம்பினார்.

எங்களுக்கு மூன்றாம் இடம். நட்சத்திரத்துக்குப் பூஜ்யம், வைக்கோலுக்குப் பூஜ்யம், "பொதுமக்கள் பார்வைக்கு வசதி" என்ற வரியில் இரண்டு. டெர்வினின் நீரூற்று முதலிடம். கேத்தரின் அக்கா மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அடுத்த ஆண்டு அந்தத் தாளையே மாற்ற வேண்டும் என்று பங்குப் பேரவையில் சண்டை போடப் போவதாகச் சொன்னார். கப்பலில் வந்த செட்டைப் பிரிக்காமலேயே தன் கட்டிலின் கீழ் தள்ளினார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. குடில் யாருக்கு என்று அதன் பிறகு யாரும் பேசவில்லை.

நான் எதையும் எளிதில் நன்றாக இருக்கிறது என்று சொல்வதில்லை. அந்தக் குடிலின் வாளி கோணல். சுரூபங்களின் அளவு வள்ளத்துக்குப் பொருந்தவில்லை. ஆனால் அதற்குள் மூன்று முறை போனேன், கடைசி முறை காரணமே இல்லாமல். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

இருபத்தாறாம் தேதி அவர் எட்டு இடத்தையும் ஒட்டி, மேலே நீலம் அடித்தார். இருபத்தேழில் ஜெயமணி கடலில் இறக்கினார். இனி அதற்குள் படுத்தால் இருட்டுத்தான்.

ஜனவரி நடுவில் மத்தியாஸ் கிரைண்டரை நிறுத்திவிட்டு என்னைத் தேடி வந்தார். முகம் சிவந்திருந்தது. குளச்சலிலிருந்து மைத்துனர் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். 'அழகான குடில் ஐடியாக்கள், சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்' என்று மேலே எழுதியிருந்தது. படத்தில் ஜெயமணியின் வள்ளம். கிறிஸ்துமஸ் மாலை, சூரியன் போன பிறகு வந்தவர்கள் ஒன்றும் தெரியவில்லை என்று கத்தியதால், யாரோ உள்ளே ஒரு பல்பு கட்டியிருந்தார்கள். அப்போது எடுத்தது. எங்கெங்கோ சுற்றி அவரிடமே திரும்பி வந்திருக்கிறது.

"சந்தோஷம்தானே? ஊர் ஊராப் பார்க்கிறாங்க" என்றேன்.

"எதப் பாக்காவ? இது பல்பு சாரே! வெயில் இல்ல. பல்பு போட்டா எல்லா எடமும் ஒண்ணுபோலல்லா தெரியும். எங்க மெலிவு, எங்க தடி, ஒண்ணும் தெரியாது. இதப் பாத்துட்டு அடுத்த வருசம் எல்லாவனும் வள்ளத்தக் கவுத்துப் போட்டு பல்புதான் மாட்டுவான்."

"எழுதிப் போடுங்களேன், வெயில்ல பார்க்கணும்னு."

"எழுதுனா? வந்து கெடந்துல்லா பாக்கணும்."

போனைப் பிடுங்காத குறையாக என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். படத்தை அழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கட்டைவிரலால் அழுத்திச் சேமித்துக்கொண்டார், அதற்குள் நாலாயிரமாகியிருந்த மற்றப் படங்களோடு.

"அது எதுக்கு?" என்றேன்.

"எப்பிடிச் செய்யக் கூடாதுன்னு தெரிய வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு, வெயில் போவதற்குள் இன்னொரு வள்ளத்தைப் பார்க்க வேண்டும் என்று நடந்தார்.